நடு அழுகும் வெள்ளிப் போர்வை: சாம்பல் இலைத் தரைமூடிகளுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

"வறட்சி தாங்கும் என்று சீட்டில் எழுதியிருந்தது. தண்ணீரும் ஒழுங்காக ஊற்றினேன். ஆனாலும் செத்துவிட்டது."

இந்த மூன்று வாக்கியங்களையும் இதே வரிசையில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் தோட்டத்தில் முதல் இரண்டு பாத்திகளைப் பறிகொடுத்தபோது நானும் இதையேதான் சொன்னேன். கோளாறு பெரும்பாலும் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கும். தரையோடு படர்ந்து மண்ணை மூடும் சாம்பல் இலைச் செடிகளை ஈரம் கொன்ற அளவுக்கு வெயில் கொன்று நான் பார்த்ததில்லை. அதனால் கீழே வரும் அறிகுறிகளில் எது உங்களுடையதாக இருந்தாலும், காரணம் தெரியும்வரை தண்ணீர்க் குழாயைத் தொடாதீர்கள். ஒரே ஒரு விலக்கு உண்டு: நட்டு ஒரு மாதம்கூட ஆகாத செடி. அதற்குத் தனித் தலைப்பு இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்: மயிரா, மெழுகா?

ஓர் இலையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். கம்பளி போல மெத்தென்று இருந்து, தேய்த்த பிறகும் நிறம் மாறவில்லை என்றால் அது மயிர் இலை. ஆட்டுக்காது போன்ற இலையுடைய ஸ்டாக்கிஸ், செராஸ்டியம், கம்பளித் தைம், ஆர்டிமீசியா, வெள்ளி டைகாண்ட்ரா, சிறுபீளை எல்லாம் இந்த வகை. தேய்த்த இடத்தில் விரல் அடையாளம் பதிந்து, அடியில் பச்சை தெரிந்தால் அது மெழுகு இலை. நீலக்குச்சி போன்ற செனிசியோ செர்பென்ஸ், நீல ஃபெஸ்க்யூ புல் ஆகியவை அப்படி.

செடி வாங்கும்போது பெயர்ச்சீட்டே இதைச் சொல்லிவிடும். தாவரப் பெயரில் டொமென்டோசா, லனாட்டா, இன்கானா என்று ஏதாவது வந்தால் மயிர். கிளாக்கா என்று வந்தால் மெழுகு. அர்ஜென்டியா என்றால் வெள்ளி நிறம் என்று மட்டுமே பொருள். அதற்குத் தேய்த்துத்தான் பார்க்க வேண்டும். மயிர் இலை நனைந்தால் எளிதில் காயாது. மெழுகு இலை நனைவதைப் பொறுத்துக்கொள்ளும். தேய்ப்பதையும் எண்ணெய், சோப்புத் தெளிப்பையும் பொறுக்காது. இந்த வேறுபாடு கீழே பல இடங்களில் தேவைப்படும்.

அறிகுறி 1: நடுவில் பழுப்பு வட்டம், விளிம்பு மட்டும் நன்றாக இருக்கிறது

என்னிடம் வரும் புகார்களில் இதுதான் முதலிடம். தட்டுப் போலப் படர்ந்த செடியின் நடுவில் கை வைத்தால் ஈரத்துணி போல நசுங்கும். சில சமயம் புளித்த வாடையும் அடிக்கும்.

*தண்ணீர் விடும் நேரம்.* செலவில்லாத காரணம் இது. மழை பெய்யாத ஒரு நாளில், விடியற்காலையில் செடியின் நடுவைப் பிரித்து அடி இலைகளைத் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால், முந்தைய மாலை ஊற்றிய தண்ணீர் இரவு முழுவதும் அங்கேயே நின்றிருக்கிறது என்று பொருள். தெளிப்பானை நிறுத்திவிட்டு, காலையில், மண்ணில் மட்டும் தண்ணீர் விடுங்கள். பக்கத்துப் புல்வெளியின் தெளிப்பான் ஓரமாக அடித்துக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். செடியை நட்டவருக்கும் தெளிப்பானைப் பொருத்தியவருக்கும் இடையில் பேச்சுவார்த்தையே இருக்காது, பலியாவது செடி.

*மூடாக்கு.* மரப்பட்டைத் துண்டு, இலைச்சருகு, மட்கு ஆகியவை வேறு எந்தச் செடிக்கும் நல்ல மூடாக்கு. சாம்பல் இலைச் செடியின் கழுத்தை, அதாவது தண்டும் மண்ணும் சேரும் இடத்தை, தொட்டால் மட்டும் ஈரத்தைப் பிடித்து வைத்து அழுக வைக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு, செடியைச் சுற்றி 2 முதல் 3 செ.மீ. தடிப்பில் சிறு சரளை போடுங்கள். இலைகள் கல்லின்மேல் படுத்திருக்கும். அடியில் காற்று போகும். நான் செய்த மாற்றங்களிலேயே உழைப்புக்கு அதிகப் பலன் கொடுத்தது இதுதான்.

*பழைய குப்பை.* ஸ்டாக்கிஸ் பூத்து முடிந்ததும் தண்டுகள் சரிந்து இலைகளின்மேல் ஈரப் போர்வையாகப் படுத்துக்கொள்ளும். அடியில் செத்த இலைகளும் சேரும். இரண்டையும் கையாலேயே உருவி எடுத்துவிடலாம். இந்த வேலை பிடிக்காதவர்கள் 'சில்வர் கார்ப்பெட்' என்ற ரகத்தைத் தேடி நடலாம். அது பெரும்பாலும் பூப்பதில்லை.

*வயது.* நட்டு மூன்று ஆண்டுகளைத் தாண்டிய ஸ்டாக்கிஸ், செராஸ்டியம் திட்டுகளில் நடு வழுக்கையாவது இயல்பு. மண்வெட்டியால் முழுத் திட்டையும் தூக்கி, நடுவை எறிந்துவிட்டு, வேரோடு இருக்கும் விளிம்புத் துண்டுகளை மட்டும் மறுபடி நடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைச் செய்யத்தான் வேண்டும்.

*வடிகால்.* மேலே சொன்ன நான்கும் இல்லை என்றால் கடப்பாரையை எடுங்கள். 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி. நிரம்பத் தண்ணீர் ஊற்றி முழுவதும் வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஓர் அளவுகோலைச் செருகி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். முதல் முறை இறங்கும் வேகத்தை நம்பாதீர்கள். காய்ந்த மண் எதையும் குடிக்கும். இரண்டாம் முறை 2.5 செ.மீ.க்கும் குறைவாக இறங்கினால் அந்த இடம் இந்தச் செடிகளுக்கு ஆகாது. 2.5 முதல் 7.5 செ.மீ. என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் மற்ற செடிக்காரர்கள் வருந்துவார்கள், நீங்கள் மகிழலாம்.

வடிகால் மோசம் என்றால், தரைக்கு மேல் 20 முதல் 30 செ.மீ. மேடு போட்டு அதன்மேல் நடுங்கள். இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலப்பது முதல் தவறு; காய்ந்ததும் காரை போல இறுகிவிடும். குழியின் அடியில் ஜல்லி பரப்புவது இரண்டாவது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குள் தண்ணீர் உடனே இறங்காது. மேல் மண் முழுதும் ஊறிய பிறகுதான் இறங்கும். அதுவரை வேர் சேற்றில் நிற்கும். இந்த இரண்டாவது தவறை ஒரு முழு நாள் உழைத்துச் செய்தவன் நான்.

*செடித் தேர்வே தவறு.* விலை கூடிய காரணம் இது. நட்டதை எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் ஊரில் இரவும் வெப்பமாக இருந்து, காற்றிலும் மாதக்கணக்கில் ஈரம் நிற்குமானால், செராஸ்டியமும் 'சில்வர் மவுண்ட்' ஆர்டிமீசியாவும் என்ன செய்தாலும் உருகிப் போகும். அவை குளிர்ந்த இரவுகளுக்குப் பழகியவை. எத்தனை மாதம் மழை இல்லாமல் தாங்கும் என்று கேட்டு வாங்குகிறோம். எத்தனை வாரம் ஈரத்தைத் தாங்கும் என்று கேட்டிருக்க வேண்டும். அத்தகைய இடங்களில் வெள்ளி டைகாண்ட்ராவை முதலில் முயன்று பாருங்கள். பட்டு மயிர் போர்த்திய விஷ்ணுகிராந்தியும் நிற்கும். ஸ்டாக்கிஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் பெரிய இலை கொண்ட 'ஹெலன் வான் ஸ்டைன்' ரகம் மற்றவற்றைவிட ஈரக்காற்றை நன்றாகத் தாங்குகிறது.

*எப்போது ஆளை அழைப்பது:* குழியில் இரண்டாவது முறை ஊற்றிய தண்ணீர் மறுநாளும் நிற்கிறது, அல்லது மழைநீர் வீட்டுச் சுவரோரம் தேங்குகிறது என்றால். வடிகால் குழாய் பதிப்பவரின் வேலை அது. மேடு போட்டுச் சமாளிக்க முடியாது.

அறிகுறி 2: மண் ஈரமாக இருக்கிறது, செடி வாடுகிறது

நடுப்பகலில் வாடி, மாலையில் நிமிர்ந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். விடியற்காலையிலும் துவண்டு கிடந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

விரலை 10 செ.மீ. ஆழத்துக்கு விடுங்கள். காய்ந்திருந்தால் ஆழமாகத் தண்ணீர் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். ஈரமாக இருந்தால் ஓரச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள்.

சற்றும் எதிர்ப்பில்லாமல் கையோடு வந்துவிட்டதா? வேர் கடித்தது போலத் துண்டாகியிருக்கிறதா? மண்ணைக் கிளறினால் வளைந்து கிடக்கும் வெள்ளை வேர்ப்புழுக்கள் கிடைக்கும். சிறிய பாத்தி என்றால் கையால் பொறுக்குவதே போதும்.

வேர் இருக்கிறது, ஆனால் பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உறை கழல்வது போலக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சுகிறதா? அது வேர் அழுகல். இந்த நிலையில் மருந்து ஊற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அழுகிய வேர் மறுபடி வேராகாது. செடியை விட்டுவிட்டு, நல்ல நுனிகளைக் காப்பாற்றுங்கள். 7 அல்லது 8 செ.மீ. நீளத்தில் வெட்டி, அடி இலைகளை உருவி, பெருமணலில் ஊன்றி, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். மற்ற செடிகளின் குச்சிகளுக்குச் செய்வது போல பிளாஸ்டிக் உறையால் மூடிவிடாதீர்கள். மயிர் இலை உள்ளே பூசணம் பிடித்துவிடும்.

அறிகுறி 3: சாம்பல் நிறம் போய்ப் பச்சையாகிறது

முதலில் ஒரு சங்கடமான கேள்வி: மழை விட்டு எவ்வளவு நேரமாயிற்று? நனைந்த மயிருக்கு அடியில் உள்ள பச்சை வெளியே தெரியும். காய்ந்ததும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இதற்காக ஒருவர் வீட்டுக்கு நான் நேரில் போயே வந்திருக்கிறேன்.

காய்ந்த பிறகும் பச்சை என்றால், நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று ஒரு நாள் முழுதும் கவனியுங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் காரணம் அதுதான். நட்டபோது வெயில் இருந்தது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பக்கத்து மரம் வளர்ந்திருக்கும். கிளையைக் கழித்தால் சரியாகும். ஏணி தேவைப்படும் உயரம் என்றாலோ, மின்கம்பிக்கு அருகில் என்றாலோ மரம் வெட்டத் தெரிந்தவரை அழையுங்கள்.

வெயிலும் போதுமானது என்றால் உரத்தைச் சந்தேகியுங்கள். புல்வெளிக்குப் போடும் தழைச்சத்து உரம் மழையில் கரைந்து வந்திருக்கலாம். அன்பு மிகுந்து தொழுவுரம் போட்டிருக்கலாம். இரண்டையும் நிறுத்தி, தண்ணீர் விடும் இடைவெளியைக் கூட்டுங்கள். பச்சையான பழைய இலை வெளுக்காது. அடுத்து வரும் இலைகள் சாம்பலாக வரும்.

டைமாண்டியா என்ற தரைமூடி ஒரு தனிப் பிறவி. அதன் இலைக்கு மேலே சாம்பல் பச்சை, அடியில் வெள்ளை. தண்ணீர் குறைந்தால் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு வெள்ளை தெரியும்; தண்ணீர் கிடைத்ததும் விரிந்து பச்சையாகத் தெரியும். வெள்ளையாக இருப்பதே அழகு என்று அதைச் சுருண்ட நிலையிலேயே பட்டினி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாத்தி முழுவதும் சுருண்டுவிட்டால் அது தண்ணீர் கேட்கிறது.

அறிகுறி 4: நட்டு ஒரு மாதத்துக்குள் காய்ந்து போகிறது

இங்கே மட்டும் குற்றவாளி வறட்சி. வறட்சி தாங்கும் என்பது வேர் பிடித்த செடியைப் பற்றிய பேச்சு. தொட்டியிலிருந்து நேற்று வந்த செடிக்கு அது பொருந்தாது. முதல் கோடை முடியும்வரை அது சாதாரணச் செடிதான்.

காய்ந்த செடியைத் தோண்டி எடுத்துத் தாய்மண்ணை, அதாவது தொட்டியிலிருந்து வேரோடு வந்த மண்கட்டியை, உடைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள மண் ஈரமாகவும் தாய்மண் தூள் போல வறண்டும் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாற்றுப்பண்ணைகள் பயன்படுத்தும் தென்னை நார்க்கழிவு போன்ற கலவைகள் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் ஏற்பதில்லை. ஊற்றும் தண்ணீர் பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. அடுத்த முறை, நடுவதற்கு முன் தொட்டியோடு வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருவது நிற்கும்வரை வையுங்கள். தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றிய வேர்களை விரலால் பிரித்துவிடுங்கள். தொட்டியில் இருந்த மட்டத்துக்குச் சற்று மேலே நடுங்கள், கீழே வேண்டாம்.

பிறகு முதல் இரண்டு வாரம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் 15 செ.மீ. ஆழம் ஊறும்படி தண்ணீர் விடுங்கள். அதன்பின் இடைவெளியை மெல்ல நீட்டுங்கள். நாள்தோறும் மேலோட்டமாகத் தெளிப்பது வேரை மேலேயே நிறுத்திவிடும். கடும் வெயில் தொடங்கும் நேரத்தில் நடுவதைத் தள்ளிப்போட முடிந்தால் இந்தத் தலைப்பே உங்களுக்குத் தேவைப்படாது.

அறிகுறி 5: இலையில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது

சாம்பல் இலைச் செடியில் சாம்பல் நோயைக் கண்டுபிடிப்பது எப்படி? கண்ணால் முடியாது, விரலால் முடியும்.

துடைத்தால் வரவில்லை: செடியின் சொந்த மயிர். விட்டுவிடுங்கள்.

மாவு போல விரலில் ஒட்டி, மேல் பரப்பில் திட்டுத் திட்டாக இருக்கிறது: சாம்பல் நோய். பாதித்த தண்டுகளை வெட்டி அகற்றி, நெருக்கத்தைக் கலைத்துக் காற்றுப் போக வழி செய்யுங்கள்.

பஞ்சு உருண்டையாக இலைக்கக்கத்தில் இருந்து, நசுக்கினால் பிசுபிசுப்பாகக் கறை படிகிறது: மாவுப்பூச்சி. எறும்பு வரிசை இருந்தால் உறுதி. 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தொட்டுத் தொட்டு எடுங்கள். மேலே எதுவும் இல்லாமல் செடி சோர்ந்தே இருந்தால் வேரையும் பாருங்கள். வேரில் தங்கும் மாவுப்பூச்சி தனி வகை, பெரும்பாலும் தொட்டியோடு சேர்ந்து வரும்.

சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய் ஆகியவற்றை உடனே எடுத்துவிடாதீர்கள். மெழுகு இலையில் அவை மெழுகைக் கழுவிவிடும். நீல நிறம் அந்த இலைக்குத் திரும்பாது. மயிர் இலையில் தேங்கி நின்று கருக்கும். ஓர் இலையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பார்த்த பிறகே மற்றவற்றுக்கு.

அறிகுறி 6: இலை ஓரம் கருகுகிறது

மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீரையும் உரத்தையும் சந்தேகிக்க வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்தில் ஈர வட்டத்தின் விளிம்பில்தான் உப்பு சேரும், அங்கே பாருங்கள். வடிகால் நன்றாக இருந்தால் மட்டும், ஒரு நாள் மெதுவாக, நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்கலாம். கிணறு அல்லது ஆழ்துளைத் தண்ணீரே உப்பு என்றால் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். மாற்றுச் செடி வேண்டுமென்றால், கடற்கரை மணலில் இயல்பாக வளரும் ஆர்டிமீசியா ஸ்டெல்லேரியானா பொருத்தம். குளிர்ந்த பருவம் உள்ள இடங்களுக்கு அது. உப்பு இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் கருகினால், வெள்ளைச் சுவரின் எதிரொளியும் நாயின் சிறுநீரும் அடுத்த சந்தேகங்கள். இரண்டாவதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

அறிகுறி 7: கட்டையாகி, இடைவெளி விட்டு, களை முளைக்கிறது

சான்டோலினா என்ற சாம்பல் இலைச் செடியும் ஆர்டிமீசியாவும் ஆண்டுதோறும் கவாத்து கேட்பவை. புதுத் துளிர் கிளம்பும் பருவத்தில், இலை இருக்கும் பகுதிக்குள் வெட்டுங்கள். இலையே இல்லாத பழைய கட்டையில் வெட்டினால் துளிர்க்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நாலைந்து ஆண்டு கவாத்து செய்யாமல் விட்டிருந்தால், குச்சி எடுத்துப் புதிதாக நடுவதே குறைந்த வேலை.

இடைவெளியில் வருவது விதைக்களை என்றால் பிடுங்குங்கள். கோரையோ அருகம்புல்லோ என்றால், போர்வை வழியாக அதைப் பிடுங்கித் தீர்க்கவே முடியாது. எனக்கு இதில் மூன்று ஆண்டு வீணானது. செடிகளைத் தூக்கித் தொட்டிக்கு மாற்றி, நிலத்தைக் கொத்திக் கிழங்கையும் தண்டையும் பொறுக்கி, மறுபடி முளைப்பதை இரண்டு மூன்று சுற்றுப் பொறுக்கிய பிறகே நட வேண்டும். களைத்தடுப்புத் துணியை விரித்து அதில் ஓட்டை போட்டு நடும் யோசனை வேண்டாம். டைகாண்ட்ராவும் டைமாண்டியாவும் தண்டு படும் இடமெல்லாம் வேர்விட்டுத்தான் பரவுகின்றன, துணி அதைத் தடுக்கும். கோரை துணியைக் குத்திக்கொண்டு வந்துவிடும்.

மிதிபடும் இடத்தில் மட்டும் வழுக்கை விழுந்தால், டைமாண்டியாவும் கம்பளித் தைமும் அவ்வப்போது விழும் காலடியைத் தாங்கும், மற்றவை தாங்காது. நடைபாதைக் கற்களைப் பதியுங்கள்.

அறிகுறி 8: அதே இடத்தில் மறுபடியும் சாகிறது

மூன்றாவது முறையாக அங்கே செடி வாங்கி நடுவதற்கு முன் ஒரு சோதனை. அந்த இடத்து மண்ணை ஒரு தொட்டியிலும், செடி நன்றாக வளரும் இடத்து மண்ணை இன்னொரு தொட்டியிலும் நிரப்பி, இரண்டிலும் பயறு விதையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முதல் தொட்டியில் மட்டும் இலைகள் முறுக்கிக்கொண்டும் கிண்ணம் போலக் குவிந்தும் வந்தால் மண்ணில், அல்லது நீங்கள் போட்ட உரத்தில், களைக்கொல்லி எச்சம் இருக்கலாம். முளைத்ததுமே அடியில் மெலிந்து சாய்ந்தால் அழுகல் பூஞ்சை. இரண்டிலும் ஒரே மாதிரி வளர்ந்தால் மண்ணில் குற்றமில்லை, 40 செ.மீ. தோண்டி, கட்டட வேலையின்போது புதைத்த காரை, செங்கல் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள்.

மண் பரிசோதனைக்குக் கொடுப்பதானால், ஒரே இடத்தில் அள்ளாமல், பாத்தியின் ஐந்தாறு இடங்களில் 15 செ.மீ. ஆழத்திலிருந்து எடுத்துக் கலந்து, அரைக் கிலோ கொடுங்கள். கார அமில நிலையையும் உப்பின் அளவையும் கேளுங்கள்.

தோண்டிய குழியில், மழையே இல்லாத நாளில், அடியிலிருந்து ஈரம் ஊறினால் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து எண் நகர்ந்திருந்தால் பாத்திக்குக் கீழே, அல்லது அதற்கு அருகில், குழாய் கசிகிறது. செடிகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் குழாய் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவர் வேலையை முடித்த பிறகும், அந்த மண் நன்றாகக் காயும்வரை எதையும் நடாதீர்கள்.